பள்ளிவாசலும் பல்லிவாசலும்

இல்லமும் கல்வியும்



வட ஆர்க்காட்டுத் தோல் பதனிடும் ஊர்களுள் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் எழுதிய மடல் சென்ற மாதம் என் கைக்கு வந்தது. மடல் உருது மொழியில் இருந்தது. அதனுடன் அவருடைய ஒன்பது வயது மகனின் தமிழ்க் குறிப்பேட்டிலிருந்து ஒரு பக்கத்தின் ஒளிநகலையும் இணைத்திருந்தார். சொல்வதெழுதுதல் பயிற்சி அது. மொத்தம் 20 சொற்கள். 4 சரி, 16 தவறு. பக்கம் முழுவதும் அடித்தல் திருத்தல்கள் நிறைந்திருந்தன.

மடலின் சாரம் இதுதான்: அவர்கள் வீட்டில் பேசும் மொழி உருது. மகன் 4-ஆம் வகுப்பில் படிக்கிறான். பாட்டியாரிடம் உருதுக் காயிதாவைப் படித்துத் தேறி, குர்ஆனையும் பார்த்து ஓதும் பிள்ளை அவன். பள்ளியில் ஆசிரியை தாயாரை அழைத்து, “வீட்டில் உருது பேசுவதை நிறுத்திவிடுங்கள். தமிழ் மட்டும் பேசினால் பிழைகள் தாமே மறைந்துவிடும்” என்று அறிவுரை கூறியிருக்கிறார். கணவரும் அதுவே சரியென்று முடிவு செய்துவிட்டார்.

மடலின் இறுதிப் பகுதியை அப்படியே தமிழில் தருகின்றேன்: “எங்களுக்குத் தெரிந்த கடைத்தெருத் தமிழில் தட்டுத் தடுமாறிப் பேசுகிறோம். என் தாயாருக்கு அதுவும் தெரியாது. பேரனின் படிப்புக்குத் தாம் இடையூறாகிவிடக் கூடாதென்று அவனோடு பேசுவதையே விட்டுவிட்டார்கள். இரவில் கதை சொல்வதும் நின்றுவிட்டது. இரண்டு மாதங்கள் ஆகியும் அவன் மதிப்பெண் உயரவில்லை. நாங்கள் செய்வது சரிதானா?”

சகோதரியே, சரியன்று என்பதே என் பணிவான விடை. உங்கள் ஆசிரியையின் எண்ணத்தில் குறையில்லை. அவருக்கும் பிள்ளையின் மீது அக்கறை உண்டு. எனினும் நோயை அறியாமல் கொடுத்த மருந்தாக அது அமைந்துவிட்டது. தொடக்கப் பள்ளியில் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த அனுபவத்தைக் கொண்டு, அந்த 16 பிழைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து நோக்கினேன். கண்டதைக் கூறுகின்றேன்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், சென்னைத் திருவல்லிக்கேணி முதலிய இடங்களில் வாழும் உருது பேசும் குடும்பங்கள் அனைத்திற்கும் இது பயன்படக்கூடும். காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் போன்ற ஊர்களில் தமிழையே தாய்மொழியாகக் கொண்டு வாழும் நம்மவர்களும் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வளர்ந்து, ஆங்கிலத்தை முதல்மொழி போல் ஆக்கிக்கொண்டு தமிழை இரண்டாவதாக எழுதக் கற்கும் பேரப்பிள்ளைகள் உங்கள் இல்லங்களிலும் இருப்பார்கள் அல்லவா?

பிழைகள் நான்கு வகை

முதல் வகையில் நான்கு பிழைகள். பக்கம் என்பதைப் ‘பகம்’ என்றும், பாட்டு என்பதைப் ‘பாடு’ என்றும், தப்பு என்பதைத் ‘தபு’ என்றும், கத்தரி என்பதைக் ‘கதரி’ என்றும் எழுதியிருக்கிறான். இரட்டிக்க வேண்டிய இடத்தில் ஒற்றெழுத்தை விட்டுவிட்டான்.

இரண்டாம் வகையில் மூன்று. பெட்டி ‘பேட்டி’யாகவும், கொடி ‘கோடி’யாகவும், தொடு ‘தோடு’ ஆகவும் நீண்டுவிட்டன.

மூன்றாம் வகையில் ஆறு. பள்ளிவாசல் ‘பல்லிவாசல்’ ஆயிற்று. தொழுகை ‘தொளுகை’ ஆயிற்று. இறைவன் ‘இரைவன்’ ஆயிற்று. வாழை ‘வாளை’ ஆகவும், அணில் ‘அனில்’ ஆகவும், கிணறு ‘கினறு’ ஆகவும் மாறின.

நான்காம் வகையில் மூன்று. நேற்று ‘நேத்து’ என்றும், காற்று ‘காத்து’ என்றும், ஐந்து ‘அஞ்சு’ என்றும் எழுதப்பட்டுள்ளன.

இப்போது எண்ணிப் பாருங்கள். மூன்றாம், நான்காம் வகைப் பிழைகள் மொத்தம் ஒன்பது. இவற்றிற்கும் உருதுக்கும் என்ன பகை? லகர, ளகர, ழகர மயக்கமும் ரகர, றகர மயக்கமும் தமிழைத் தவிர வேறு மொழி அறியாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் உண்டு. ‘நேத்து’, ‘காத்து’ என்பவை தமிழரின் அன்றாடப் பேச்சு. இலையை ‘எலை’ என்றும், உடம்பை ‘ஒடம்பு’ என்றும், குடத்தைக் ‘கொடம்’ என்றும் பேசிப் பழகிய தமிழ்ப் பிள்ளைகள் அப்படியே எழுதித் தந்த ஏடுகளை நான் எத்தனையோ திருத்தியிருக்கிறேன். பேச்சுத் தமிழ் வேறு, எழுத்துத் தமிழ் வேறு. ஆகவே வீட்டில் கடைத்தெருத் தமிழ் பேசுவதால் இந்த ஒன்பது பிழைகள் குறையப்போவதில்லை, கூடினாலும் வியப்பில்லை.

எஞ்சிய ஏழு பிழைகளுக்கு உருது காரணம் என்பது உண்மை. ஆனால் அவற்றைத் தீர்க்கும் மருந்தும் உங்கள் மகனிடமே இருக்கிறது. அவன் ஓதும் குர்ஆனிலேயே இருக்கிறது.

ஷத்தும் புள்ளியும்

உருதை அன்றாடம் எழுதும்போது நாம் என்ன செய்கிறோம்? ஜபர், ஜேர், பேஷ் ஆகிய குறிகளைப் பெரும்பாலும் இடுவதில்லை. ஒரே எழுத்து இரட்டித்து ஒலிக்கும் இடத்திலும் தஷ்தீதை விட்டுவிடுகிறோம். ‘பக்கா’ என்று அழுத்திச் சொல்லிவிட்டு ஒரே ஒரு காஃப் எழுதுகிறோம். பழகிய கண் தானே நிரப்பிக்கொள்ளும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த பிள்ளை ‘பக்கம்’ என்று காதில் கேட்டாலும் ஒரே ககரத்தை எழுதுவது இயற்கை. அவன் சில சொற்களில் சரியாக இரட்டித்தும் இருக்கிறான் என்பதைக் கவனியுங்கள். கேட்கும் திறன் அவனுக்கு உண்டு. கேட்டதை எழுதியே ஆக வேண்டும் என்னும் உறுதிதான் இன்னும் வரவில்லை.

ஆனால் குர்ஆன் பிரதியில் அப்படியா? ஜபர், ஜேர், பேஷ், மத்து, ஜஸ்ம், ஷத்து என எல்லாக் குறிகளும் ஒன்றுவிடாமல் இடப்பட்டிருக்கும். அங்கே ஒரு குறியை விட்டு ஓதினால் உஸ்தாது உடனே திருத்துவார். தமிழ் எழுத்தும் அத்தகையதே. உங்கள் மகனிடம் இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லுங்கள்: “மகனே, தமிழை உருதுச் செய்தித்தாள் போல் எழுதாதே, குர்ஆன் எழுதப்பட்டிருப்பது போல் எல்லாக் குறிகளோடும் எழுது.”

இதை அவன் எளிதில் புரிந்துகொள்வான். ஷத்து உள்ள எழுத்து உண்மையில் இரண்டு எழுத்துகள் என்றும், அவற்றுள் முதலாவது ஸுகூன் பெற்றது, இரண்டாவது உயிரோசை பெற்றது என்றும் மத்ரஸாவில் கற்பிக்கிறார்கள் அல்லவா? தமிழில் அந்த ஸுகூன்தான் மெய்யெழுத்தின் தலையிலிருக்கும் புள்ளி. ‘பக்கம்’ என்பதில் ‘க்’ ஸுகூன் பெற்ற ககரம்; அடுத்த ‘க’ ஜபர் பெற்ற ககரம். அரபியில் ஒரே எழுத்தின் மேல் ஷத்து இடுவதைத் தமிழில் இரண்டு எழுத்தாகப் பிரித்து எழுதுகிறோம். வேறுபாடு அவ்வளவே.

இதைக் கைதட்டிப் பழக்கலாம். ‘படம்’ என்று சொல்லும்போது நாக்கு நிற்காமல் ஓடுகிறது. ‘பட்டம்’ என்னும்போது நடுவில் ஒரு கணம் நின்று ஓடுகிறது. நிற்கும் இடத்தில் ஒரு தட்டு. பகல், பக்கம்; பாடு, பாட்டு; எடு, எட்டு என இணை இணையாகச் சொல்லித் தட்டச் செய்யுங்கள். தட்டு விழுந்த இடத்தில் புள்ளி வைத்த எழுத்து வர வேண்டும்.

புதிய இரு குறில்கள்

பெட்டி ‘பேட்டி’யானது ஏன்? அரபியில் குறுகிய உயிரோசைகள் மூன்று. உருதில் ஜபர், ஜேர், பேஷ் என்று நாம் பெயரிட்டு வழங்குபவையும் அந்த மூன்றே. அவை தமிழின் அ, இ, உ. இவற்றின் நெடில்களையும் மத்து வழியாக அவன் அறிவான். ஏகாரமும் ஓகாரமும் உருதில் உண்டு. ஆனால் அவற்றின் குறிலான எ, ஒ ஆகிய இரண்டுக்கும் உருதில் தனி எழுத்தோ குறியோ கிடையாது. ஆகவே அவன் காது எகரத்தை ஏகாரமாகவும் ஒகரத்தை ஓகாரமாகவும் எடுத்துக்கொள்கிறது.

இந்த இரண்டை மட்டும் தனியே எடுத்துக் கற்பிக்க வேண்டும். பொருள் மாறும் இணைகளைப் படத்துடன் காட்டுங்கள்: செடி, சேடி என்று அவன் அறியாத சொற்கள் வேண்டா, பெட்டி, பேட்டி, கொடி, கோடி, எடு, ஏடு, ஒடு, ஓடு போன்றவை போதும். குறிலுக்கு ஒரு விரல், நெடிலுக்கு இரண்டு விரல்கள் நீட்டச் செய்யலாம். இந்த வேறுபாட்டை எழுத்தில் தெளிவாகக் காட்டத் தமிழுக்கே காலம் பிடித்தது. இன்று நாம் எழுதும் ஏகார, ஓகார வடிவங்கள் 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் நிலைபெற்றவை என்பர். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு இரண்டு மாத அவகாசம் தருவதில் தவறில்லை.

வீட்டுச் சொற்களே வாய்பாடு

இனி ல, ள, ழ மயக்கத்திற்கு வருவோம். ‘பல்லிவாசல்’ என்பதைக் கண்டு தந்தையார் கோபமுற்றதாக எழுதியிருந்தீர்கள். கோபம் வேண்டா. அந்தச் சொல்லில் ஆறு எழுத்துகள். நான்கு சரி, இரண்டே தவறு. ஒரு பல்லியின் படத்தையும் பள்ளிவாசலின் படத்தையும் அருகருகே வரையச் செய்து, கீழே பெயர் எழுதச் சொல்லுங்கள். அவனே சிரித்துவிடுவான். சிரித்துக் கற்ற சொல்லைப் பிள்ளை மறப்பதில்லை.

நம் இல்லங்களில் நாள்தோறும் புழங்கும் சில தமிழ்ச் சொற்களை அட்டைகளில் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பள்ளிவாசல் என்பதில் இரட்டை ளகரம். தொழுகை, ஏழை ஆகியவற்றில் ழகரம். இறைவன் என்பதில் வல்லின றகரம். இடையின ரகரம் எழுதினால் ‘இரை’ என்று உணவைக் குறிக்கும் சொல்லாகிவிடும். நோன்பு என்பதில் முதலில் தந்நகரம், நடுவில் றன்னகரம். வெள்ளிக்கிழமை என்னும் ஒரே சொல்லில் குறில் எகரம், இரட்டித்த ளகரம், இரட்டித்த ககரம், ழகரம் ஆகிய நான்கு பாடங்களும் அடங்கியுள்ளன. புதிய சொல்லில் ஐயம் வரும்போது, “இது பள்ளிவாசல் ள-வா, தொழுகை ழ-வா?” என்று கேளுங்கள். ‘பெரிய ள’, ‘சின்ன ல’ என்று சொல்வதைவிட இது நெஞ்சில் நிற்கும்.

மூன்று நகரங்களுக்கும் காதை நம்பிப் பயனில்லை; இடமே வழிகாட்டி. தமிழ்ச் சொல்லின் முதலில் வருவது தந்நகரம்: நாள், நிலம், நூல். ண, ன, ள, ழ, ற ஆகியவை தமிழ்ச் சொல்லின் முதலில் வருவதில்லை. சொல்லின் நடுவே மெல்லின மெய்கள் தத்தம் இனத்தோடு சேர்ந்து வருவதை ஆறு இணைகளாகப் பாடம் செய்விக்கலாம்: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. சங்கு, பஞ்சு, வண்டி, பந்து, பாம்பு, கன்று. டகரத்திற்கு முன் றன்னகர மெய்யோ, றகரத்திற்கு முன் டண்ணகர மெய்யோ இவ்வாறு இணைந்து வாரா. ‘பெருநாள்’ என்பதில் நடுவே தந்நகரம் வருகிறதே என்று பிள்ளை கேட்டால் மகிழுங்கள். ‘பெரு’, ‘நாள்’ என்னும் இரு சொற்கள் சேர்ந்தது அது. ‘நாள்’ தன் முதலெழுத்தை விடவில்லை.

அணில், கிணறு போன்றவற்றிற்கு விதி உதவாது. அவற்றைக் கண்ணால் கண்டு, கையால் எழுதிப் பழகுவதே வழி. நேற்று, காற்று ஆகியவையும் அப்படியே. பேசும்போது ‘காத்து’ என்று பேசுவதை வீட்டில் எவரும் தடுக்க வேண்டா. பேச்சுக்கு ஓர் உடை, எழுத்துக்கு ஓர் உடை என்று விளக்குங்கள்.

நாள்தோறும் பத்து நிமிடம்

ஒரு நாளைக்கு ஐந்து சொற்கள் போதும். பார், மூடு, எழுது, ஒப்பிடு: இந்த நான்கே படிகள். சொல்லை உற்றுப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பின்னர் மூடிவிட வேண்டும். நினைவிலிருந்து எழுத வேண்டும். பிறகு திறந்து, எழுத்துக்கு எழுத்து அவனே ஒப்பிட வேண்டும். பிழையைத் தானே கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு அவமானம் இல்லை. கற்றல் மட்டுமே உண்டு. ஒரு சொல்லைப் பார்த்துப் பார்த்து இருபது முறை எழுதச் சொல்வது கையைத்தான் களைப்பாக்கும்.

எல்லாப் பிழைகளையும் ஒரே நாளில் திருத்த முனையாதீர்கள். இந்த வாரம் இரட்டிப்பு மட்டும். அடுத்த வாரம் எ, ஒ மட்டும். மற்றவற்றைக் கண்டும் காணாதது போல் விடுங்கள். 16 இடங்களில் சிவப்பு மையைக் காணும் பிள்ளை, எந்த ஒன்றைத் திருத்திக்கொள்வது என்றறியாமல் எழுதவே அஞ்சும். அடுத்த முறை அது தனக்குத் தெரிந்த எளிய சொற்களை மட்டுமே எழுதும். நாளடைவில் மொழியே சுருங்கிவிடும்.

“எனக்கே தமிழ் எழுதத் தெரியாதே!” என்று எழுதியிருந்தீர்கள், சகோதரியே. குறையென்று எண்ணாதீர்கள். அவனை உஸ்தாதாக்கி, நீங்கள் மாணவியாக அமருங்கள். அன்று கற்ற ஐந்து சொற்களை அவன் உங்களுக்குச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள், அவன் திருத்தட்டும். பிறருக்குக் கற்பிப்பவன் இருமுறை கற்கிறான்.

பாட்டியாருக்கு ஒரு வேலை

இப்போது மிக முக்கியமான செய்தி. உங்கள் தாயாரை மீண்டும் கதை சொல்லச் சொல்லுங்கள். உருதிலேயே சொல்லச் சொல்லுங்கள். ஒரு மொழியில் சொல்வளமும் கதை கேட்கும் பொறுமையும் பெற்ற பிள்ளை அவற்றை இரண்டாம் மொழிக்கும் எடுத்துச் செல்கிறது. முதல்மொழி அடித்தளம்; அதை இடித்துவிட்டு மாடி கட்ட இயலாது. தட்டுத் தடுமாறிப் பேசும் தமிழால் பிள்ளைக்குக் கிடைப்பது நூறு சொற்கள் என்றால், வாயடைத்துப்போன பாட்டியால் அவன் இழப்பது எண்ணிலடங்காதது.

இரவு பாட்டியார் கதை சொல்லட்டும். மறுநாள் மாலை அந்தக் கதையிலிருந்து இரண்டே இரண்டு வாக்கியங்களை மகன் தமிழில் எழுதட்டும். எழுதியதைப் பாட்டியாருக்குப் படித்துக் காட்டி, உருதில் பொருளும் சொல்லட்டும். தம் கதை தமிழில் எழுதப்படுவதைக் கேட்கும் பாட்டியாரின் மகிழ்ச்சி எத்தகையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பேரனுக்கும் எழுதுவதற்கு ஒரு காரணம் கிடைத்துவிடும்.

இவ்வளவும் எதற்கு, உருது மட்டும் போதாதா என்று கேட்போரும் நம்மிடையே உண்டு. போதாது என்பதை நேர்மையுடன் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் 1-ஆம் வகுப்பிலிருந்து தொடங்கிப் படிப்படியாகத் தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. சிறுபான்மை மொழி மாணவர்க்கு விலக்குக் கோரி வழக்குகளும் நடந்தன. 2021-ஆம் ஆண்டு அரசாணைக்குப் பிறகு, மாநில அரசுப் பணித் தேர்வு எழுதுவோர் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு மதிப்பெண் பெற்றாக வேண்டும். அதனினும் பெரிதாக, நிலப்பத்திரமும் பேருந்துப் பலகையும் பெரும்பாலும் தமிழில்தான் இருக்கின்றன. அண்டை வீட்டாரின் நட்பும் தமிழில்தான் மலர்கிறது. தமிழும் வேண்டும், உருதும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றைப் பலியிட வேண்டிய தேவை இல்லை.

ஒரு மொழியின் ஓசையை மற்றொரு மொழியின் எழுத்தில் பொருத்துவது நம் சமுதாயத்திற்குப் புதிதன்று. அரபு எழுத்துகளில் இல்லாத தமிழ் ஓசைகளுக்காகப் புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்கள் அமைத்து, அரபுத் தமிழில் நூல்கள் இயற்றியவர்கள் நம் முன்னோர். இரு மொழிகளுக்கிடையே நிற்பதை அவர்கள் இடர்ப்பாடாகக் கருதவில்லை.

ஓர் எச்சரிக்கையும் கூறிவிடுகிறேன். பிள்ளை தமிழில் மட்டுமன்றி உருதிலும் எழுத்துக்கூட்ட இயலாமல் திணறினால், பல மாதங்கள் பழகிய பின்னும் எழுத்துகளை மறந்தால், படிப்பைக் கண்டு அழுதால், முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். பின்னர்த் தகுந்த வல்லுநரிடம் காட்டுங்கள். அது கற்றல் குறைபாடாக இருக்கலாம். மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனையும் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. இரு மொழி பேசுவதால் அக்குறைபாடு உண்டாவதில்லை. உங்கள் மகன் உருதும் குர்ஆனும் நன்றாகப் படிப்பதாக எழுதியிருப்பதால், அவனைப் பற்றி அத்தகைய கவலைக்கு இப்போது இடமில்லை என்றே கருதுகிறேன்.

சகோதரியே, அந்த ஏட்டின் பக்கத்தை ஆசிரியையிடம் மீண்டும் எடுத்துச் செல்லுங்கள். 16 பிழைகளும் நான்கு வகை என்பதை அமைதியாக எடுத்துக் கூறுங்கள். வாரம் ஒரு வகையை மட்டும் திருத்தித் தருமாறு வேண்டுங்கள். நல்லாசிரியர் எவரும் அதை மறுக்கமாட்டார். இன்றிரவு உங்கள் தாயாரிடம், “அம்மா, பிள்ளை கதைக்காகக் காத்திருக்கிறான்” என்று உருதிலேயே சொல்லுங்கள்.

மூன்று மாதம் கழித்து, இன்ஷா அல்லாஹ், மகன் தன் கையால் தமிழில் எழுதிய பாட்டியார் கதை ஒன்றை எனக்கு அனுப்பி வையுங்கள். அதில் பிழைகள் இருந்தாலும் மகிழ்ச்சியுடன் படிப்பேன்.

வஸ்ஸலாம்.